சைக்கிள் இருக்கிறது... ஸ்டாண்டில் இல்லை!

வாடகை சைக்கிள் என்றதும் என் வயதுப் பெண்களுக்கு ஒரு வாசனை நினைவுக்கு வரும். கிரீஸும் பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷனும் கலந்த வாசனை! எங்கள் தெருமுனைக் கடையில் ஒரு நோட்டில் பெயரையும் எடுத்த நேரத்தையும் எழுதிக்கொள்வார்கள். மணிக்கு ஒரு ரூபாய். பள்ளிக்கூட லீவு நாளில் நானும் தங்கையும் ஆளுக்கு அரை மணி என்று பங்கு போட்டுக்கொண்டு குரங்குப் பெடல் அடித்துப் பழகினோம். அந்த வியாபாரத்துக்கு இருந்தது ஒரே ஒரு சட்டம்தான். எடுத்த கடையிலேயே வண்டியைத் திருப்பி விட வேண்டும். இருட்டுவதற்குள் எல்லா வண்டியும் வீடு வந்து சேர்ந்துவிடும்.

இந்தச் சட்டத்தை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? இங்கே எடுக்கலாம், போகிற இடத்தில் விட்டுவிடலாம் என்று வைத்தால்? கேட்பதற்கு எவ்வளவு சௌகரியம்! உலகத்தில் எத்தனையோ ஊர்களில் இப்போது அப்படித்தான் நடக்கிறது. நான் அதைக் கண்ணால் பார்த்தது அமெரிக்காவில். தங்கையின் பிரசவத்துக்குப் போக வேண்டிய அம்மாவுக்கு முழங்கால் வலி, விமானத்தில் உட்கார முடியாது. அதனால் ஐந்து மாதம் நான் போய் இருந்தேன். (எந்த ஊர் என்று எழுதாதே என்கிறாள் தங்கை. நடுத்தரமான ஒரு ஊர், அவ்வளவு போதும்.)

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னல் ஓரமாக உலாத்துவதுதான் அங்கே எனக்குப் பாதி வேலை. ஜன்னலுக்கு நேர் எதிரே தெருவோரத்தில் ஒரு சைக்கிள் ஸ்டாண்டு. வரிசையாக இரும்புக் குட்டைத் தூண்கள், ஒவ்வொரு தூணிலும் முன்சக்கரம் மாட்டிப் பூட்டிய ஒரு சைக்கிள். சந்தா கட்டியவர்கள் போனைக் காட்டினால் பூட்டு திறக்கும். ஓட்டிக்கொண்டு போய் ஊரில் எந்த ஸ்டாண்டில் தூண் காலியாக இருக்கிறதோ அங்கே மாட்டிவிட்டுப் போகலாம். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரி வண்டி, நடுவில் குறுக்குக் கம்பி கிடையாது, முன்னால் பை வைக்க இடம். எனக்கு ரொம்பப் பிடித்தது.

காலை ஆறு மணிக்குப் பார்த்தால் ஸ்டாண்டு நிறைய சைக்கிள் நிற்கும். ஏழரைக்கு மேல் ஒவ்வொருவராக வருவார்கள். கையில் காபி டம்ளர், காதில் பாட்டு. எட்டே முக்காலுக்குப் பார்த்தால் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும்! வெறும் தூண்கள்தான். பிறகு பகல் பூராவும் அப்படியே காயும். சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் எல்லாம் திரும்பி வரும். ஏழு மணிக்கு எல்லாத் தூணும் நிறைந்துவிடும். அதற்குப் பிறகு வருகிறவர்தான் பாவம். கோயில் வாசலில் செருப்பு விட இடம் தேடுகிற மாதிரி சுற்றிச் சுற்றி வந்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போவார்.

இதை முதலில் பார்த்தபோது எனக்கு எங்கள் வீட்டு எவர்சில்வர் டப்பாக்கள்தான் ஞாபகம் வந்தன. நாத்தனார் வீட்டுக்குக் குழம்புப் பொடி, ஊறுகாய் என்று போகும் டப்பாக்கள் திரும்பி வருவதில்லை. டப்பாக்கள் தொலையவில்லை. அத்தனையும் பத்திரமாக நாத்தனார் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. ஆனால் எனக்கு வேண்டிய நேரத்தில் என் சமையலறையில் இல்லை! சைக்கிள் விஷயமும் இதேதான். ஊரில் மொத்தம் வண்டி போதும். காலையில் அத்தனையும் ஆபீஸ் பக்கம், ராத்திரியில் அத்தனையும் வீட்டுப் பக்கம்.

இந்த யோசனை புதிது இல்லை. 1965ல் ஆம்ஸ்டர்டாம் நகரத்தில் ‘புரோவோ’ என்ற இளைஞர் கூட்டம், சைக்கிள்களுக்கு வெள்ளை வர்ணம் அடித்துப் பூட்டாமல் தெருவில் விட்டார்கள். யார் வேண்டுமானாலும் ஓட்டலாம், எங்கே வேண்டுமானாலும் விடலாம். பூட்டாமல் வண்டியை விடுவது சட்டத்துக்கு விரோதம் என்று போலீஸார் எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம்! வண்டிகள் ஒரே இடத்தில் போய்க் குவிகிறதா என்று பார்க்கக்கூட அவகாசம் கிடைத்திருக்காது.

அது பெரிய அளவில் தெரிந்தது பாரிஸில். 2007 ஜூலை 15ந் தேதி ‘வெலிப்’ என்ற பெயரில் சுமார் 10,000 சைக்கிள்களும் 750 ஸ்டாண்டுகளுமாகத் தொடங்கினார்கள். முதல் அரை மணி ஓட்டுவதற்குத் தனிக் கட்டணம் இல்லை. பாரிஸில் மோன்மார்த்ர் என்று ஒரு குன்று, 130 மீட்டர் உயரம், உச்சியில் பெரிய வெள்ளை மாதா கோயில் மாதிரி ஒரு தேவாலயம். குன்றின் மேல் குடியிருக்கிறவர்கள் காலையில் ஜம்மென்று கீழே உருட்டிக்கொண்டு போய்விடுவார்கள், பெடல் மிதிக்கவே வேண்டாம். சாயங்காலம் ஏற்றத்தில் யார் மிதிப்பது? மெட்ரோ ரயிலில் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். விளைவு, மேலே எல்லா ஸ்டாண்டும் காலி, கீழே எல்லாம் ரொம்பி வழியும். ராத்திரி பகலாக லாரியில் ஏற்றி மேலே கொண்டுபோய் வைக்க வேண்டியதாயிற்று.

2008ல் ஒரு யுக்தி செய்தார்கள். 60 மீட்டருக்கு மேல் உயரத்தில் உள்ள ஸ்டாண்டில் கொண்டுபோய் விடுகிறவர்களுக்கு 15 நிமிஷம் இனாம். அந்த நிமிஷத்தை அரை மணிக்கு மேல் ஓட்ட நேரும்போது கழித்துக்கொள்ளலாம். கால் மணி நேரத்துக்காக யாரம்மா மூச்சு வாங்க மேலே மிதிப்பார்கள் என்று எனக்கும் தோன்றியது. லாரிகளை நிறுத்தவும் முடியவில்லைதான். ஆனாலும் ஓட்டுகிறவர்களுக்கே ஒரு சின்ன ஆசை காட்டி வண்டியை நகர்த்த வைக்கலாம் என்ற எண்ணம் நல்ல எண்ணம் இல்லையா? அது பிற்பாடு நியூயார்க்கில் வேறு ரூபத்தில் வந்தது. அதற்கு வருகிறேன்.

“வண்டியை இன்னும் ஜாஸ்தியாகப் போட்டால் தீர்ந்தது!” என்றேன் தங்கை வீட்டுக்காரரிடம். அவர் கணக்குப் படித்தவர், எதற்கும் அவசரப்பட்டுப் பதில் சொல்ல மாட்டார். “சைனாவில் அதைத்தான் செய்தார்கள், அக்கா” என்றார். 2016லிருந்து அங்கே கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு லட்சக்கணக்கில் வண்டிகளைத் தெருவில் இறக்கினவாம். ஸ்டாண்டே கிடையாது, நினைத்த இடத்தில் விடலாம். நடைபாதை எல்லாம் சைக்கிள், ரயில் நிலைய வாசல் எல்லாம் சைக்கிள், நடக்க வழி இல்லை. நகராட்சிகள் வாரிக்கொண்டுபோய் ஊருக்கு வெளியே மலை மலையாகக் குவித்த படங்களைப் போனில் காட்டினார். வயிறு எரிந்தது. ‘ஓஃபோ’ என்ற பெரிய கம்பெனி நொடித்தபோது, 2018 டிசம்பரில், டெபாசிட் பணத்தைத் திருப்பிக் கேட்டு பீஜிங் ஆபீஸ் வாசலில் ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். ஆகவே எண்ணிக்கையில் மட்டும் இல்லை சமாசாரம்.

அவர் இன்னொன்றும் சொன்னார். நாம் வண்டி இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கிறோம். காலித் தூணும் ஒரு சரக்குதான். போய்ச் சேருகிற இடத்தில் மாட்டத் தூண் இல்லை என்றால் நேரம் ஓடிக்கொண்டே இருக்கும், கட்டணமும் ஏறிக்கொண்டே இருக்கும். எனக்கு இதைப் புரிந்துகொள்ளக் கஷ்டமாக இல்லை. நடு ராத்திரியில் குழாயில் தண்ணீர் வரும் வீட்டில் இருந்தவள் நான். தண்ணீர் வரும் சமயத்தில் குடம் காலியாக இருந்தால்தானே பிடிக்க முடியும்?

நியூயார்க்கில் ‘சிட்டி பைக்’ 2013 மே மாதம் சுமார் 6,000 சைக்கிள்களோடு ஆரம்பமாயிற்று. பத்தே வருஷத்தில் 30,000 வரை வளர்ந்துவிட்டது. ஆரம்பத்திலேயே இந்தத் தொல்லை தலைதூக்க, கார்னெல் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் டேவிட் ஷ்மாய்ஸும் அவருடைய மாணவர்களும் கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். பாதி வண்டி, பாதி காலித் தூண் என்று எல்லா ஸ்டாண்டையும் சமமாக வைப்பதுதான் நியாயம் என்று நமக்குத் தோன்றும். அவர்கள் கணக்கு அப்படி இல்லை. வீடுகள் உள்ள பக்கம் விடிகாலையில் அநேகமாக நிறைந்திருக்க வேண்டும், ஆபீஸ் பக்கம் அதே நேரம் அநேகமாகக் காலியாக இருக்க வேண்டும். வருகிற வண்டியும் போகிற வண்டியும் தானாகவே ஈடுகட்டிக்கொள்கிற ஸ்டாண்டுகளை யாரும் தொட வேண்டாம். ஆக, ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் ராத்திரியில் இத்தனை வண்டி என்று ஒரு அளவு. காலை இட்லிக்கு முதல் நாள் சாயங்காலமே மாவு ஆட்டி வைப்பது போல லாரிகள் ராத்திரியில் அந்த அளவுக்குக் கொண்டுவந்து வைக்கும். இருக்கிற தூண்களையே தேவையில்லாத இடத்திலிருந்து பிடுங்கித் தேவையான இடத்தில் நடலாம் என்றும் கணக்குச் சொன்னது.

பகலில் நியூயார்க் போக்குவரத்தில் லாரி ஊர்ந்தல்லவா போகும்! அதனால் நெரிசலான இடங்களில் மூன்று சக்கர வண்டிக்குப் பின்னால் ஒரு நீண்ட தட்டைக் கோத்து, அதில் சைக்கிள்களை அடுக்கி, ஆளே மிதித்துக்கொண்டு போகிறார். அதிகக் கூட்டம் வரும் சில ஸ்டாண்டுகளில் ஒரு ஆளை நிறுத்தி, தூண் இல்லாவிட்டாலும் வண்டியை வாங்கிப் பக்கத்தில் வரிசையாக நிறுத்தச் செய்தார்கள்.

அப்புறம் அந்த ‘தேவதைகள்’ திட்டம். ‘பைக் ஏஞ்சல்ஸ்’ என்று பெயர். நிறைந்த ஸ்டாண்டிலிருந்து எடுத்து, காலியாகக் கிடக்கும் ஸ்டாண்டில் கொண்டுபோய் விடுகிற சந்தாதாரருக்குப் புள்ளிகள். எங்கே எடுத்தால் எத்தனை, எங்கே விட்டால் எத்தனை என்று போனிலேயே தெரியும். புள்ளி சேர்ந்தால் சந்தா நீடிப்பு, பரிசு அட்டை. ரிட்டயரான பெரியவர்கள்கூட உடற்பயிற்சிக்கு உடற்பயிற்சி, புள்ளிக்குப் புள்ளி என்று ஓட்டுவார்களாம். நம் டாக்டர்கள் நடை, நடை என்று சொல்லிச் சொல்லி அலுத்துப் போகிறார்களே, இப்படி ஏதாவது புள்ளி கொடுத்தால் நாமும் நடப்போமோ என்னவோ!

ஆனால் மனுஷ புத்தி சும்மா இருக்குமா? புள்ளிக் கணக்கைக் கம்ப்யூட்டர் 15 நிமிஷத்துக்கு ஒரு தடவைதான் புதுப்பிக்கிறது என்று சில பேர் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரு ஸ்டாண்டிலிருந்து எல்லா வண்டியையும் பக்கத்துத் தெரு ஸ்டாண்டுக்கு மாற்றுவது, கொஞ்ச நேரம் காத்திருப்பது, கணக்கு தலைகீழாக மாறியதும் அதே வண்டிகளைத் திரும்பக் கொண்டுவருவது! யாருக்கும் உபயோகம் இல்லை, புள்ளி மட்டும் ஏறும். இப்படி மாதம் ஆயிரக்கணக்கான டாலர் சம்பாதித்தவர்கள் இருக்கிறார்கள் என்று 2024ல் பத்திரிகையில் வந்து, கம்பெனி கண்டித்துக் கடிதம் எழுதியது. படித்துவிட்டுச் சிரித்தோம். தங்கை மட்டும் சிரிக்கவில்லை.

அவள் சிரிக்காததற்குக் காரணம் இருந்தது. நான் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்னால் அவள் வேலைக்குத் திரும்பினாள். ஒரு பல் ஆஸ்பத்திரியில் முன் மேஜை வேலை. ஒன்பதரைக்கு உட்கார வேண்டும். மணிக்கணக்குச் சம்பளம், தாமதமான நேரத்துக்குப் பிடித்தம். காரை அவர் எடுத்துக்கொண்டு ஏழு மணிக்கே போய்விடுவார். பஸ் அரை மணிக்கு ஒன்று. சைக்கிளில் போனால் பன்னிரண்டு நிமிஷம். நான் ஊருக்குப் போன பிறகு திண்டாடக்கூடாது என்று குழந்தையை அப்போதே பக்கத்துத் தெருக் காப்பகத்தில் விட்டுப் பழக்கினோம். அது எட்டரைக்குத்தான் திறக்கும். பால் பாட்டில்களில் பெயர் ஒட்டி, ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினான் என்று எழுதிக் கொடுத்து, அவன் அழுது, இவள் அழுது, வெளியே வரும்போது ஒன்பது. ஸ்டாண்டில் ஒரு வண்டியும் இருக்காது. வீட்டை விட்டுக் கிளம்பும்போது போனில் நாலு வண்டி என்று காட்டும், வந்து பார்த்தால் நாலு தூண்தான் மிச்சம்.

அந்த மாதம் மட்டும் பதினொரு நாள் அவள் நேரம் தப்பிப் போனாள். மேலே இருக்கிறவர் இன்னும் இரண்டு தடவை பார்ப்பேன், அப்புறம் காலை முறையை வேறு பெண்ணுக்குக் கொடுத்துவிடுவேன் என்றிருக்கிறார். சாயங்கால முறை என்றால் காப்பகம் மூடிவிடும். அப்புறம் வேலையை விட வேண்டியதுதான்.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. “ராத்திரி லாரி கணக்குப் பார்த்து வைக்கிறதே, ஒன்பது மணிக்கு ஆள் வருகிறது என்று கணக்குக்குத் தெரியாதா?” என்று கேட்டேன். தங்கை வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: “தெரியாது, அக்கா. பூட்டைத் திறந்தால்தான் கணக்கு. வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவர்கள் எதிலும் பதிவாக மாட்டார்கள்.”

யோசித்துப் பாருங்கள்! எங்கள் மளிகைக் கடைக்காரரிடம் கருப்பட்டி இருக்கிறதா என்று கேட்டால், “அதை யாரும் கேட்கிறதில்லையே அம்மா” என்பார். வைத்திருந்தால்தானே கேட்போம்? ஒரு தடவை இல்லை என்றால் மறு தடவை வேறு கடைக்குப் போய்விடுவோம். எட்டே முக்காலுக்குள் எடுத்துக்கொண்டு போகிற ஆபீஸ்காரர் ஒவ்வொருவரும் கணக்கில் ஒரு புள்ளி. குழந்தையை விட்டுவிட்டு ஒன்பது மணிக்கு வருகிறவள், மாமியாருக்கு மருந்து கொடுத்துவிட்டு ஒன்பதரைக்கு வருகிறவள், பத்து மணிக்குக் காய்கறிக்குக் கிளம்புகிறவள், இவர்கள் யாரும் கணக்கில் இல்லை. பல ஊர்களில் இந்த சைக்கிள்களில் ஆண்களைவிடப் பெண்கள் குறைவாகத்தான் போகிறார்கள். பயம், போக்குவரத்து என்று அதற்கு எத்தனையோ காரணம் உண்டு. வந்த நேரத்தில் வண்டி இல்லாததும் அதில் ஒன்றாக இருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது.

கார்னெல்காரர்கள் இந்த ஓட்டையைக் கவனிக்காமல் இல்லை. ஸ்டாண்டு காலியாகக் கிடந்த நிமிஷங்களைத் தள்ளிவிட்டு, வண்டி இருந்த நிமிஷங்களில் எத்தனை பேர் எடுத்தார்கள் என்று பார்த்துத் தேவையைக் கணித்தார்கள். நல்ல முறைதான். ஆனால் தினமும் ஒன்பது மணிக்குக் காலியாகவே கிடக்கிற ஸ்டாண்டில் பார்ப்பதற்கு எந்த நிமிஷம் இருக்கிறது? யாராவது சில நாள் அந்த நேரத்தில் வண்டியைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

நான் புறப்படுவதற்கு முந்தின வாரம் ஊர் நூலகத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். புது சைக்கிள் ஸ்டாண்டு எங்கே வைக்கலாம் என்று ஜனங்களிடம் கேட்பதற்கு. தங்கை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள், துணைக்கு நானும். எல்லோரும் என் தெருவில் வை, உன் தெருவில் வை என்றார்கள். இவள் எழுந்து, “புது ஸ்டாண்டு வேண்டாம். இருக்கிற ஸ்டாண்டுக்கு ஒன்பது மணிக்கு ஐந்து வண்டி கொடுங்கள்” என்றாள். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த பையன் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, அந்த நேரத்தில் அந்த ஸ்டாண்டில் யாருமே எடுப்பதில்லையே என்றான். நல்ல பையன்தான், கணக்கில் இருப்பதைச் சொன்னான்.

“எப்படி எடுப்பார்கள்? இருந்தால்தானே?” என்றாள் தங்கை. பின்வரிசையில் இருந்த இரண்டு மூன்று பெண்கள் கை தட்டினார்கள். ஒருத்தி கைக்குழந்தையோடு இருந்தாள். இன்னொரு வயதான அம்மாள் எழுந்து, தானும் பத்து மணிக்கு வந்து பார்த்துவிட்டு நடந்தே போவதாகச் சொன்னாள். அந்தப் பையன் எழுதிக்கொண்டான். ஆபீஸ் பக்கத்திலிருந்து எட்டரைக்கு ஒரு நடை திரும்ப அடிக்க முடியுமா என்று கேட்டுச் சொல்கிறேன் என்றான்.

நான் வந்து இப்போது இரண்டு மாதம் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமை பேசினாள். செவ்வாய், வியாழன் இரண்டு நாள் மட்டும் ஒரு சின்ன வண்டி எட்டே முக்காலுக்கு வந்து ஆறு சைக்கிளை வைத்துவிட்டுப் போகிறதாம், சோதனைக்காக. “ஆறும் ஒன்பதரைக்குள் போய்விடுகிறது அக்கா” என்றாள். மற்ற மூன்று நாளும் பஸ்ஸுக்கு ஓடுகிறாள்.